ஜானவாசத்துக்கு எந்தத் திறந்த கார்? கூரையில்லாக் கார்களின் வகைகள்

அன்பான நேயர்களே, வணக்கம். கும்பகோணத்தில் அரசலாற்றங்கரையில் நின்று உங்களிடம் பேசுகிறேன். என் பெரியப்பா மகனுக்கு இந்த ஐப்பசியில் திருமணம். முதல்நாள் மாலை ஜானவாசத்தில் மாப்பிள்ளையை அமர்த்தி அழைத்து வருவதற்கு ஒரு திறந்த காரை ஏற்பாடு செய்யும் பொறுப்பைப் பெரியப்பா என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். வாடகைக்கு வண்டி விடுகிற மூன்று பேரிடம் விசாரித்தேன். மூவருமே "ஓப்பன் கார் இருக்கிறது, வந்து பாருங்கள்" என்றார்கள். நேரில் போனபோது முதலாமவர் கேன்வாஸ் கூரையைக் கழற்றிய ஜீப்பைக் காட்டினார். இரண்டாமவர் சன்ரூஃப், அதாவது கூரையில் திறக்கும் சன்னல், வைத்த புதிய கார் ஒன்றைக் காட்டினார். மூன்றாமவர் காட்டியது, ஏதோ ஒரு பட்டறையில் கூரையை அறுத்து எடுத்துவிட்டு மெருகூட்டி வைத்திருந்த பழைய செடான் கார். மூன்றையும் ஒரே பெயரால் அழைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதை விளக்கவே இந்தக் காணொளி.

நம் ஊர் மாட்டு வண்டியிலிருந்து தொடங்குகிறேன். வண்டியின் பாரம் முழுவதையும் அடியில் இருக்கும் சட்டமும் அச்சும் தாங்குகின்றன. மேலே வளைத்துக் கட்டிய கூண்டு வெயிலையும் மழையையும் தடுப்பதற்கு மட்டுமே. ஆகவே கூண்டு வண்டியின் கூண்டைக் கழற்றிவிட்டால் அது மொட்டை வண்டியாகிவிடுமே தவிர, வண்டியின் வலிமைக்கு எந்தக் குறையும் வராது. ஜீப் அந்த மரபைச் சேர்ந்தது. ஏணி போன்ற கனத்த இரும்புச் சட்டமே அதன் முதுகெலும்பு. இரண்டாம் உலகப் போருக்காக உருவான வில்லிஸ் ஜீப் பிறக்கும்போதே கூரையில்லாமல் பிறந்தது. முன்கண்ணாடிச் சட்டத்தைக்கூட பானட்டின் மீது மடித்துப் படுக்க வைத்துவிடலாம். இந்தியாவில் அந்த ஜீப்பைக் கோத்து விற்கத் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம் 2020 அக்டோபரில் 'தார்' என்ற தன் ஜீப் வகை வண்டியின் புதிய வடிவத்தை வெளியிட்டபோதும், மடக்கக்கூடிய துணிக் கூரை கொண்ட வகை ஒன்றை அதில் வைத்திருந்தது. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸியும் இதே குலத்தைச் சேர்ந்ததுதான்.

இன்றைய சாதாரண கார் அப்படிப்பட்டதன்று. அதற்குத் தனியாகச் சட்டம் கிடையாது. தரை, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாக நின்று பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இதை உணர்ந்துகொள்ள ஒரு தீப்பெட்டி போதும். குச்சிகள் இருக்கும் உள்தட்டை மட்டும் வெளியே எடுத்து இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். துளியும் எதிர்ப்பின்றி வளைந்துகொடுக்கும். அதையே உறைக்குள் செருகிவிட்டு முறுக்கினால் அசைந்துகொடுக்காது. கூரையை இழந்த செடான் அந்த உள்தட்டைப் போன்றது. மூன்றாமவரின் காரில் பின்சக்கரத்தைக் கழற்றுவதற்காக ஜாக்கி வைத்துத் தூக்கியபோது கதவு சாத்த மறுத்ததை நானே கண்ணால் பார்த்தேன். கதவில் எந்தக் கோளாறும் இல்லை, கதவைத் தாங்குகிற உடல் வளைந்துவிட்டது. மோதல் நேர்ந்தால் உள்ளே இருப்பவர்களின் கதி என்ன என்று நினைக்கும்போதே எனக்கு நெஞ்சு பதறுகிறது. வண்டியின் அடிப்படைக் கட்டமைப்பை உரிமையாளர் தம் விருப்பம்போல் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதை உறுதி செய்திருக்கிறது. வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அறுத்த காரில் மாப்பிள்ளையை ஏற்ற வேண்டாம் என்று உங்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியென்றால் நிறுவனங்களே செய்து விற்கும் கூரை திறக்கும் கார்கள் எப்படி நிற்கின்றன என்று நீங்கள் கேட்கலாம். கூரை செய்துவந்த வேலையை அடிப்பகுதிக்கு மாற்றிவிடுகிறார்கள். கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டிச் சட்டத்தைத் தடிப்பாக்குவது, தரையடியில் குறுக்குக் கம்பிகளைச் சேர்ப்பது, கார் கவிழ்ந்தாலும் முன்கண்ணாடிச் சட்டம் மடங்காதபடி அதற்குள் வலுவான எஃகுக் குழாய்களை வைப்பது என்று பல வழிகள் உண்டு. அதனால்தான் அதே பெயருள்ள மூடிய காரைவிடத் திறக்கும் கார் பெரும்பாலும் எடை கூடுதலாக இருக்கிறது. கூரை இல்லாததால் எடை குறையும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நடப்பது நேர்மாறாக இருக்கிறது.

இனிப் பெயர்களுக்கு வருகிறேன். நாம் வில் வண்டி, பார வண்டி, சாரட்டு என்று பிரித்துச் சொல்வதைப்போல, ஐரோப்பியர்களும் குதிரை வண்டிகளுக்கு வைத்திருந்த பெயர்களையே கார்களுக்கும் சூட்டினார்கள். கேப்ரியோலே என்பது பிரான்சில் ஒற்றைக் குதிரை இழுத்த இரு சக்கர வண்டி. ஸ்பைடர் என்பது மெல்லிய ஆரக்கால்களால் சிலந்தியை நினைவூட்டிய இலகுவான வண்டி. மடங்கும் கூரை கொண்ட லாண்டோ வண்டியின் பெயர் ஜெர்மனியின் லாண்டாவ் நகரத்திலிருந்து வந்தது. இவற்றோடு இத்தாலியர்கள் சேர்த்த பார்கெட்டா என்ற சொல்லுக்குச் சிறு தோணி என்று பொருள். கூரையே இல்லாத பந்தயக் கார்களை அப்படி அழைத்தார்கள். ஆற்றுப் பாசனத்தில் வளர்ந்த நமக்கு அந்தப் பெயர் எளிதில் பிடித்துப்போகும்.

ரோட்ஸ்டருக்கும் கேப்ரியோலேவுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் பலரும் குழம்புகிறார்கள். ரோட்ஸ்டர் இருவர் மட்டும் அமர்வதற்காக, திறந்தே ஓடுவதற்கென்று முதலிலிருந்தே வரையப்பட்ட கார். பழைய ரோட்ஸ்டர்களில் பக்கக் கண்ணாடிகூட இருக்காது; மழை வந்தால் மாட்டிக்கொள்ள ஒரு துணியும் பக்கத் திரைகளும் இருந்தால் அதுவே பெரிது. கேப்ரியோலே அல்லது கன்வெர்ட்டிபிள் என்பதோ, மூடினால் முழுக் காராகவும் திறந்தால் காற்று வாங்கவும் பயன்படுவது. பெரும்பாலும் பின்னிருக்கையும் இருக்கும். 1989இல் வெளிவந்த மஸ்டா எம்.எக்ஸ்.-5 இன்றைய ரோட்ஸ்டருக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2016இல் அதன் பத்து லட்சமாவது கார் தயாரானது. இந்தியாவிலும் 1998இல் சான் ஸ்டார்ம் என்ற பெயரில் ஃபைபர் உடலும் ரெனோ எஞ்சினும் கொண்ட இரு இருக்கைத் திறந்த கார் ஒன்று வந்தது; அது நிலைக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

டார்கா வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பாதுகாப்பைக் காரணம் காட்டித் திறந்த கார்களைத் தடை செய்துவிடுவார்களோ என்ற அச்சம் நிலவிய காலத்தில், 1965இல் போர்ஷே நிறுவனம் தன் 911 காரில் இருக்கைகளுக்குப் பின்னால் அகன்ற எஃகு வளைவு ஒன்றை நிறுத்தி, தலைக்கு மேலிருந்த பலகையை மட்டும் கழற்றும்படி செய்தது. சிசிலித் தீவில் நடந்த டார்கா ஃப்ளோரியோ பந்தயத்திலிருந்து பெயர் வந்தது. சன்ரூஃபை இதனோடு சேர்க்க முடியாது. அது கூரையில் போட்ட ஒரு சன்னல், அவ்வளவுதான். அதன் வழியாக மாப்பிள்ளையை நிற்க வைத்தால், ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடும்போது விளிம்பு விலாவில் மோதும்; நம் தெருக்களில் தாழ்வாகத் தொங்கும் கம்பிகளையும் மறக்கக் கூடாது.

மடங்கும் இரும்புக் கூரையின் கதை என்னை மிகவும் நெகிழவைப்பது. அதற்கு 1931இல் காப்புரிமை பெற்றவர் ஜார்ஜ் போலான் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர். அவருடைய யோசனையை பூஜோ நிறுவனம் 1930களிலேயே தன் எக்லிப்ஸ் கார்களில் கொண்டுவந்தது. கூரை முழுவதும் அப்படியே டிக்கிக்குள் இறங்கிவிடும். நாஜிகளை எதிர்த்துப் போராடிய அவரை 1942இல் கொன்றுவிட்டார்கள். அமெரிக்காவில் 1957 முதல் 1959 வரை ஃபோர்டு ஸ்கைலைனர் இந்த வித்தையைக் காட்டியது. 1996இல் மெர்சிடஸ் எஸ்.எல்.கே. இதை மீண்டும் பரவலாக்கியது. ஆனால் கூரையை உள்ளே வாங்கிக்கொண்டால் டிக்கியில் ஒரு சீர்வரிசைத் தட்டுகூட வைக்க இடமிருக்காது, எடையும் ஏறும். அதனாலேயே பல நிறுவனங்கள் துணிக் கூரைக்குத் திரும்பிவிட்டன. நம் நாட்டில் விற்கப்பட்ட, மினி நிறுவனத்தின் கன்வெர்ட்டிபிள் காரின் துணிக் கூரை 18 விநாடிகளில் திறந்துவிடும், கார் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தாலும்.

டெல்டாவில் துணிக் கூரையை வைத்திருப்பவர்கள் இரண்டு காரியங்களில் கவனமாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்த கூரையை ஈரத்தோடு மடித்து வைத்துவிட்டால் ஓரிரு நாளில் பூஞ்சை பூத்து நாற்றமெடுத்துவிடும். எனவே நன்றாக உலர்ந்த பிறகே மடிக்க வேண்டும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று இன்னொரு பகை. மடக்கும் கீல்களைக் கழுவித் துடைத்து எண்ணெய் இடாவிட்டால் துருப்பிடித்து, மழை கொட்டும் நேரத்தில் கூரை பாதியில் நின்றுவிடும்.

லாண்டோலே என்ற வகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் ஓட்டுநர் கூரையின் கீழ் இருப்பார். பின்னிருக்கைக்கு மேலே மட்டும் துணி மடங்கும். நாட்டுத் தலைவர்களும் போப்பாண்டவரும் மக்களுக்குக் காட்சி தருவதற்கென்று செய்யப்பட்ட கார் அது. என்னைக் கேட்டால், ஜானவாசத்துக்கு அதைவிடப் பொருத்தமான கார் உலகத்திலேயே கிடையாது. கும்பகோணத்தில் அதற்கு நான் எங்கே போவது?

ஆகவே பெரியப்பாவிடம் பேசி, முதலாமவரின் ஜீப்பையே உறுதி செய்துவிட்டேன். "ஜீப்பிலா தம்பி, கல்யாணத்துக்கா?" என்று முதலில் தயங்கினார், தீப்பெட்டியை அவர் கையில் கொடுத்து முறுக்கிப் பார்க்கச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். மல்லிகைச் சரமும் வாழைக்கன்றும் கட்டிவிட்டால் ஜீப்பின் முரட்டுத்தனம் மறைந்துவிடும். மழை வந்தால் உடனே மாட்டுவதற்காக, கேன்வாஸையும் அதன் வளைவுக் கம்பிகளையும் வண்டியின் பின்னாலேயே வைத்திருக்க உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். இருவர் சேர்ந்து அதை எவ்வளவு நேரத்தில் மாட்ட முடியும் என்று இப்போதே பார்த்துவிடலாம். கேமராவை ஜீப்பின் பக்கம் திருப்புகிறேன்.