ஆறு மணிக்கு மேல் அந்தத் தெரு

[காட்சி: மாலை. அலுவலக வாசலிலிருந்து கூட்டம் வெளியேறுகிறது]

குரல்: ஓர் அலுவலகக் கோபுரம் காலையில் ஆயிரக்கணக்கானவர்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். மாலை ஆறு மணிக்கு எல்லாரும் கிளம்பிய பிறகு, கீழே இருக்கும் தெரு என்ன ஆகும்? கோபுரம் வரைகிறவர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது என்று நினைக்கிறேன்.

[காட்சி: பிராங்க்ஃபர்ட் நகரம், தொலைவிலிருந்து]

ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் உள்ள கொமர்ஸ்பாங்க் வங்கிக் கோபுரம் இதற்கு நல்ல உதாரணம். 1997-ல் கட்டி முடித்தார்கள். கூரை வரை 259 மீட்டர். வடிவமைத்தது பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம்.

[காட்சி: முக்கோணத் தரைப்படம்]

வழக்கமாக லிஃப்ட், படிக்கட்டு எல்லாம் கட்டடத்தின் நடுவில் இருக்கும். இங்கே அவற்றை முக்கோணத்தின் மூன்று மூலைகளுக்குத் தள்ளிவிட்டார்கள். நடுப்பகுதி காலி. ஒவ்வொன்றும் நான்கு மாடி உயரமுள்ள ஒன்பது தோட்டங்கள் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. அதனால் உள்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கும் வெளிச்சம் வரும்; ஜன்னலைத் திறந்தால் காற்றும் வரும். அருமையான யோசனை. ஆனால் நடந்து போகிறவர் கண்ணுக்கு இது எட்டாது.

[காட்சி: நடைபாதை உயரத்தில் கேமரா]

சரி, கீழே வருவோம். கோபுரத்தைத் தெருவோரத்தில் நிறுத்தவில்லை, மனையின் நடுவில் எழுப்பினார்கள். சுற்றியிருந்த தாழ்வான கட்டடங்களைப் புதுப்பித்தார்கள். தேவையான இடங்களில் அக்கம்பக்கத்துக்கு ஒத்துவரும்படி திரும்பக் கட்டினார்கள். ஆகவே தெருவில் நடப்பவருக்கு அந்தப் பகுதியின் பழைய உயரம்தான் பக்கத்தில் தெரியும்.

[காட்சி: சுவரில் மோதி இறங்கும் காற்று, அம்புக்குறிகளாக]

இதில் இன்னொரு நன்மை உண்டு. உயரமான சுவரில் மோதும் காற்றில் ஒரு பங்கு கீழ்நோக்கிப் பாயும். கோபுரம் தெருவை ஒட்டியே நின்றால் அந்த வேகம் நடப்பவர்மீது இறங்கும். அடியில் தாழ்ந்த கட்டடங்கள் சூழ்ந்திருந்தால், பெரும்பகுதி அவற்றின் கூரையிலேயே தடுக்கப்பட்டுவிடும்.

[காட்சி: இரவு. மாடி வீடுகளில் விளக்குகள்]

அந்தத் தாழ்ந்த கட்டடங்களில் என்ன வைத்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கடைகள், வண்டி நிறுத்துமிடம், அப்புறம் வீடுகள்! வங்கி ஊழியர்கள் கிளம்புகிற நேரத்தில் இந்த வீடுகளுக்கு ஆட்கள் திரும்புவார்கள். சமையலறையில் விளக்கு எரியும், யாராவது ஜன்னலிலிருந்து தெருவைப் பார்ப்பார்கள்.

[காட்சி: உணவகங்கள் உள்ள பொதுக்கூடம்]

மனையின் குறுக்கே ஒரு பொதுக்கூடமும் உண்டு. உணவகம், காபிக் கடை, நிகழ்ச்சி நடத்த இடம் எல்லாம் அதில். அதை ஒரு நடைவழியாகவே திட்டமிட்டார்கள்: அந்த வங்கியில் கணக்கே இல்லாதவரும் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்ச் சேரலாம்.