தொகுப்பு வீடும் தவணைப் பணமும்

நேயர்களுக்கு வணக்கம்.

அரசுப் பணத்தில் கட்டும் வீட்டுக்குத் திட்டத்தின் பெயர் எத்தனை முறை மாறினாலும், நம் கிராமங்களில் அது தொகுப்பு வீடுதான். இப்போது நடப்பது கலைஞர் கனவு இல்லம். 2024-25 நிதிநிலை அறிக்கையில் வந்தது. 2030க்குள் குடிசைகளுக்குப் பதிலாக 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்பது இலக்கு. வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி.

முன்பிருந்ததற்கு இது நல்ல தொகை, அதில் சந்தேகமில்லை. ஒன்றிய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 2016இல் வைத்தது 1.20 லட்சம், 60 பங்கு டெல்லி, 40 பங்கு மாநிலம். 2024இல் மேலும் 2 கோடி வீடுகளுக்கு ஒப்புதல் தந்தபோதும் அந்தத் தொகை மாறவில்லை. சிமெண்ட் விலை மட்டும் 2016லேயே நின்றுவிட்டதா என்ன? அதில் தளம் போட முடியாது என்றுதான் தமிழ்நாடு கான்கிரீட் கூரைக்கெனத் தனியாகப் பணம் சேர்த்துத் தருகிறது.

சரி, மூன்றரை லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய்கூட வரவில்லை. வெளியில் கொத்தனாரிடம் பேசிப் பாருங்கள், இரண்டாயிரத்துக்குக் கீழே இறங்கமாட்டார். மீதியை வீட்டுக்காரர்தான் போடவேண்டும். அதையும் எப்படியோ புரட்டிவிடுவார்கள். என் கவலை தொகையைப் பற்றியதைவிட, அது வரும் நேரத்தைப் பற்றியது.

பணம் தவணையாக வருகிறது. பேஸ்மட்டம் எழும்பினால் ஒன்று, ஜன்னல் மட்டத்துக்கு ஒன்று, தளம் போட்டால் ஒன்று, பூச்சு முடிந்தால் கடைசி. ஓவர்சியர் வந்து அளந்து, போட்டோ எடுத்து, பில் போட்ட பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறும். அதாவது, முதல் தவணையை வாங்கவே முதலில் செலவு செய்தாக வேண்டும். குடிசையில் இருப்பவரிடம் ஏது முதல்? தோடு அடகுக்குப் போகும். அப்புறம் வட்டிக்காரர். இதற்கிடையில் குடிசையைப் பிரித்தாகிவிட்டது. மழைக்காலத்தில் தார்ப்பாய்க்குக் கீழே சமையல். பில் ஒரு மாதம் தள்ளிப்போனால் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார், கம்பி துருப்பிடித்து நிற்கும்.

தவணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மொத்தமாகக் கொடுத்தால் பணம் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்விடும் என்ற அதிகாரிகளின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. பேஸ்மட்டத்துக்கான தொகையை மட்டும் பணி உத்தரவோடு முன்பணமாகக் கொடுங்கள் என்கிறேன். அரசுக்கு இதில் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை.

இன்னொன்று பட்டா. இடம் சொந்தமாக இருந்தால்தான் வீடு. ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் இரண்டு தலைமுறையாகக் குடியிருப்பவர்கள், மிகவும் ஏழைகள், இந்தப் பட்டியலுக்குள்ளேயே வரமாட்டார்கள். அவர்களுக்கு வீட்டுமனை தேடித் தருவது வருவாய்த்துறை வேலை, வீடு கட்டித் தருவது ஊரக வளர்ச்சித்துறை வேலை. இரண்டு துறைகளும் ஒரே கிராமசபையில் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பட்டியல் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். வணக்கம்.