கிராணியோட நோட்டும் என் இன்டர்வியூவும்

வணக்கம் நேயர்களே, பசியாறிட்டீங்களா? சாப்ட்வேர் வேலைக்கு இன்டர்வியூ போறத பத்தி பேசச் சொல்லியிருக்காங்க. மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் தோட்டத்து லயத்து வீட்ல வளந்தவன் நான், அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரம் சீவுனவங்க.

மொத இன்டர்வியூல நான் தோத்தது விடை தெரியாம இல்ல. வாயே தொறக்கல, அதான். பினாங்குல ஒரு கம்பெனி, வொயிட்போர்ட் முன்னாடி நிக்க வச்சு ஒரு கணக்கு குடுத்தாங்க, நான் பாட்டுக்கு முதுக காட்டிக்கிட்டு இருபது நிமிஷம் எழுதுறேன். பெரியவங்க முன்னாடி வாயடிக்காதனு தானே நம்மள வளத்தாங்க? விடை சரி. வேலை கெடைக்கல. நீ எப்படி யோசிக்கிறனு பாக்கத்தான் அவங்க கேக்குறாங்க, மனசுக்குள்ளயே யோசிச்சா அவங்களுக்கு எப்படி தெரியும்?

அடுத்தது கோலாலம்பூர்ல. ஆயிரம் பேரு உள்ள லிஸ்ட்ல ஒருத்தர சீக்கிரமா எப்படி தேடுவனு இன்டர்வியூ எடுத்த மலாய்க்காரரு கேட்டாரு. எனக்கு தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக் களம் ஞாபகம் வந்துருச்சு. இருட்டுல கிராணி, அதான் தோட்டத்து கிளார்க்கு, ஆளுங்க நம்பர் வரிசையா எழுதுன அந்த தடி நோட்ட வச்சிக்கிட்டு நிப்பாரு பாருங்க, 612-ஆம் நம்பர தேடுனா ஒன்னாம் பக்கத்துலேர்ந்தா பொரட்டுவாரு? நடுவுல தொறப்பாரு. 500. சரி, முன்பாதி வேணாம். மறுபடி நடுவுல, 750, தாண்டிருச்சு. அப்புறம் 625, கிட்ட வந்தாச்சு. இப்படி பாதி பாதியா கழிச்சா ஆயிரம் பேருக்கு 10 தடவ பாத்தா போதும், ஒரு மில்லியன் பேருன்னாலும் 20 தான். பைனரி சர்ச்னு இதுக்கு பேரு. நான் கிராணினு சொன்னதும் அந்த மலாய்க்காரரு சிரிச்சிட்டாரு, அவங்க தாத்தாவும் கிராணியாம்! ஆனா உடனே ஒரு கேள்வி போட்டாரு, "நோட்டுல நம்பர் வரிசையா இல்லாட்டி?" அப்ப இந்த வித்தை பலிக்காது, ஒன்னாம் பக்கத்துலேர்ந்து பொரட்ட வேண்டியதுதான். வரிசையா இருக்கானு மொதல்லயே நான் கேட்டிருக்கணும். கேளுங்க தம்பி, கேளுங்க தங்கச்சி, கேள்வி கேட்டா மார்க் கொறையாது.

வீட்ல கோட் எழுதுறப்பவும் சத்தமா பேசிக்கிட்டே எழுதுங்க. எங்க அம்மா சமையல்கட்டுலேர்ந்து "யாருகிட்டடா பேசுற"னு கத்துவாங்க, பரவால்ல.

சம்பளப் பேச்சு பத்தி நெறைய வச்சிருந்தேன், அறிவிப்பாளர் தங்கச்சி அங்க கைய காட்டுறாங்க... சுருக்கமா, மாசம் 5,000 மலேசிய வெள்ளி சம்பளம்னு சொன்னா கைக்கு 5,000 வராது, ஓய்வுக்கால சேமிப்பு ஈபிஎஃப்-க்கு 11 விழுக்காடு, 550 போயிரும், சொக்சோ காப்புறுதி வேற, அதையும் கணக்கு பண்ணி கேளுங்க, சரி சரி, பாட்டு போடுங்கமா.