வந்தார், பேசினார், ஆளைக் காணோம்

அவையோருக்கு வணக்கம்.

2024 ஆகஸ்ட் 8, வியாழக்கிழமை காலை. ஸ்பெயினின் கேட்டலோனியா மாநிலத் தலைநகர் பார்சிலோனாவில் வெற்றி வளைவுக்குப் பக்கத்தில் மேடை போட்டிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம். சுற்றிலும் போலீஸ். வாரண்ட் உள்ள ஒரு மனிதர், ஏழு வருடமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டாதவர், ஆதரவாளர்களோடு நடந்து வந்து மேடையேறுகிறார். 'நாங்கள் இன்னமும் இங்கேதான் இருக்கிறோம்' என்று சில நிமிடம் பேசுகிறார். இறங்குகிறார். அவ்வளவுதான், ஆளைக் காணோம்!

சாலைகளை மறித்து, கார் டிக்கியைத் திறந்து பார்த்தார்கள். அந்த வேட்டைக்குப் போலீஸ் வைத்த பெயர் 'கூண்டு'. கூண்டு பார்சிலோனாவில் இருந்தது, பறவை பெல்ஜியத்துக்குப் போய்விட்டது. தப்ப உதவினார்கள் என்று கைதானவர்களில் கேட்டலன் போலீஸ்காரர்களே இருந்தார்கள்.

அவர்தான் கார்லஸ் பூஜ்டிமோன், கேட்டலோனியா ஸ்பெயினிலிருந்து பிரிய வேண்டும் என்று நின்ற தலைவர். ஜிரோனா பக்கத்தில் அமெர் என்ற சிற்றூரில் ரொட்டி, கேக் விற்கும் குடும்பத்தில் பிறந்தவர். பத்திரிகையாளராக இருந்து, 2011-இல் ஜிரோனா மேயரானார். 2016 ஜனவரியில் கேட்டலோனியாவின் ஆட்சித் தலைவரானது ஏறக்குறைய தற்செயல்தான். அதுவரை தலைவராக இருந்த ஆர்தூர் மாஸ் கூடாது என்று சிறிய இடதுசாரிக் கட்சி ஒன்று அடம்பிடித்தது. சமரசமாக இவர் வந்தார்.

2017 அக்டோபர் 1-ஆம் தேதி, ஸ்பெயினிலிருந்து பிரிவதா என்று நீதிமன்றத் தடையை மீறி ஒரு வாக்கெடுப்பு. சீனாவில் செய்த பிளாஸ்டிக் வாக்குப்பெட்டிகளைப் பிரான்ஸ் எல்லை வழியாகக் கொண்டுவந்து வீடுகளில் ஒளித்து வைத்திருந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் நின்ற கிழவிகளையும் தடியோடு வந்த போலீஸையும் உலகமே டிவியில் பார்த்தது. வாக்களித்தவர்களில் 90 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். ஆனால் வாக்களித்தவர்களே 43 சதவீதம்தான். அவரை எனக்குப் பிடிக்கும், அதற்காக இந்த எண்ணை நான் மறைக்கப் போவதில்லை.

அக்டோபர் 10-ஆம் தேதி கேட்டலன் நாடாளுமன்றத்தில் விடுதலையை அறிவித்தார். அடுத்த மூச்சில் நிறுத்தி வைத்தார். 'எட்டு வினாடிக் குடியரசு' என்று இன்றும் கேலி செய்கிறார்கள். 27-ஆம் தேதி முறைப்படி அறிவிப்பு நிறைவேறியது. அன்றே மாட்ரிட்டில் உள்ள மத்திய அரசு அவரது ஆட்சியைக் கலைத்தது. அவர் காரில் பிரான்ஸுக்குள் நுழைந்து, மார்செயிலிருந்து விமானம் ஏறி பிரசல்ஸ் போய் இறங்கினார்.

'ஓடிப்போனவர்தானே, ஐயா?' என்று வாசலில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். அவரது ஆட்சியில் துணைத்தலைவராக இருந்த ஓரியோல் ஜுன்கெராஸ் ஓடவில்லை. 13 ஆண்டு தண்டனை பெற்று, மூன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்து, 2021-இல் மன்னிப்பில் வெளியே வந்தார். சிறைக்குப் போனவருக்கு ஒரு மரியாதை உண்டு. இருவர் கட்சிகளுக்கும் இடையே அந்தக் கசப்பு இன்னும் தீரவில்லை.

ஆனால் தம்பி, வெளியே போனதால்தான் ஒன்று நடந்தது. 2018 மார்ச்சில் டென்மார்க் எல்லை தாண்டி வந்தவரை ஜெர்மனியில் பிடித்து நொய்மியூன்ஸ்டர் சிறையில் வைத்தார்கள். கிளர்ச்சிக் குற்றத்துக்கு ஒப்படைக்கச் சொன்னது ஸ்பெயின். ஷ்லெஸ்விக்கில் இருந்த நீதிமன்றம் மறுத்தது. நடந்த வன்முறை எங்கள் சட்டப்படி அந்தக் குற்றமாகிற அளவுக்கு இல்லை என்றது. பொதுப்பணத்தைத் தவறாகச் செலவிட்ட குற்றத்துக்கு வேண்டுமானால் தருகிறோம் என்றது. அந்தச் சின்ன வழக்குக்கு மட்டும் ஆள் வேண்டாம் என்று ஸ்பெயின் வாரண்டையே திரும்பப் பெற்றுக்கொண்டது. மாட்ரிட்டில் கிளர்ச்சி என்று சொன்னது எல்லை தாண்டினதும் கிளர்ச்சியாக இல்லை!

பிறகு பெல்ஜியத்தின் வாட்டர்லூவில் வாடகை வீடு, 2019-இல் ஐரோப்பிய நாடாளுமன்ற வெற்றி. 2023-இல் கணக்கு அவர் பக்கம் திரும்பியது. 350 பேர் கொண்ட ஸ்பெயின் அவையில் அவர் கட்சிக்கு ஏழே ஏழு இடம். அந்த ஏழு இல்லாமல் சோசலிஸ்ட் தலைவர் பெட்ரோ சான்செஸ் மீண்டும் பிரதமராக முடியாது. விலை, பிரிவினை முயற்சியில் வழக்கு உள்ளவர்களுக்குப் பொதுமன்னிப்புச் சட்டம். 2024 ஜூனில் அது அமலுக்கு வந்தது. அடுத்த மாதமே, அவர் மேலிருந்த அந்தப் பொதுப்பணக் குற்றம் அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது. அதனால்தான் ஆகஸ்டில் அந்தக் கண்ணாமூச்சி.

இதே பார்சிலோனாவில் 1977 அக்டோபரில் இன்னொரு கேட்டலன் ஆட்சித் தலைவர் திரும்பி வந்தார். ஜோசப் டாரடெயாஸ். சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் பெரும்பாலும் பிரான்ஸில் இருந்து, பதவிப் பெயரை மட்டும் காப்பாற்றியவர். அரண்மனை மாடத்தில் நின்று, 'இதோ வந்துவிட்டேன்' என்றார். கீழே நின்ற கூட்டம் அழுதது. அவர் அங்கேயே தங்கினார். பூஜ்டிமோன் மேடையிலிருந்து இறங்கியபோது, ஒரு கார் தயாராக நின்றது.