எலியும் அன்னமும்: ராசின் குடும்பத்தின் சின்னம்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரெஞ்சில் ராசின் என்றால் வேர். ழான் ராசின் என்ற நாடகாசிரியரால் உலகமே அறிந்த குடும்பப்பெயர் இது. 1639இல் அவர் பிறந்த லா ஃபெர்தே மிலோன், பாரிசுக்கு வடகிழக்கே உள்ள ஒரு சிற்றூர். தாத்தாவும் அப்பாவும் அங்கே அரசு உப்புக் கிடங்கில் உத்தியோகம் பார்த்தவர்கள்.

சரி, உப்புக் கிடங்கு உத்தியோகஸ்தருக்குக் குலச்சின்னம், அதாவது கேடயத்தில் வரையும் குடும்பச் சின்னம், எங்கிருந்து வந்தது? கேடயச் சின்னம் என்றதும் நமக்குக் கோட்டையும் குதிரைவீரனும்தான் நினைவுக்கு வருவார்கள். பிரான்சில் வணிகர், கைவினைஞர், குடியானவர்கூட சின்னம் வைத்துக்கொண்டார்கள். இன்னொருவருடையதை எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். பல குடும்பங்கள் பெயரையே படமாக வரைந்துகொண்டன. அதற்குப் 'பேசும் சின்னம்' என்று பெயர்.

ராசின் வீட்டார் வேரை வரையவில்லை. எலியை பிரெஞ்சில் 'ரா' என்பார்கள், அன்னத்தை 'சீஞ்' என்பார்கள். சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: ராசீஞ். ராசின் காதில் விழுகிறதல்லவா? நம் சிலேடைதான், ஆனால் படத்தில். எழுத்துத் தெரியாதவரும் பார்த்த மாத்திரத்தில் பெயரைச் சொல்லிவிடலாம். எனக்கு இது அவ்வளவு பிடிக்கும்.

1696இல் பதினான்காம் லூயி மன்னருக்குப் போர்ச்செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. சின்னம் வைத்திருப்பவர்கள் கட்டணம் கட்டிப் பதிய வேண்டும் என்று ஆணை போட்டார். தனிநபருக்கு 20 லிவ்ரு (அன்றைய பிரெஞ்சுப் பணம்). அப்படிச் சேர்ந்த சுமார் 1,20,000 சின்னங்களின் பதிவேடுகள் இன்றும் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

அப்போது ராசின் அரசவை வரலாற்றாசிரியர். 1697 ஜனவரியில் ஊரில் இருக்கும் தங்கைக்குக் கடிதம் எழுதுகிறார். 'நம் சின்னம் எலியும் அன்னமும் என்று தெரியும், எலி எனக்குப் பிடிக்காததால் அன்னத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். ஆனால் சின்னத்தில் எலி ஏறுகிற கூரை வடிவப் பட்டை என்ன நிறம், பின்புலம் என்ன நிறம்? தாத்தா கட்டி, பிறகு விற்றுவிட்ட வீட்டின் சன்னல் கண்ணாடியில் வரைந்திருக்கும், பார்த்துச் சொல்' என்று கேட்கிறார்.

நீலப் பின்புலத்தில் வெள்ளி அன்னம். இதுதான் ராசினின் சின்னம். பார்க்க அழகு. ஆனால் எலி போனதும் பெயரும் போய்விட்டது. வெறும் 'சீஞ்' மட்டும் எப்படி ராசின் ஆகும்? சொல்லையே தொழிலாகக் கொண்ட மனிதர் இதைச் செய்தாரே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதே கடிதத்தில் இன்னொரு சேதியும் உண்டு. சன்னலில் எலிக்குப் பதில் காட்டுப்பன்றியை வரைந்துவிட்டானாம் ஓவியன். தாத்தா அவன் மேல் வழக்கே போட்டாராம். பன்றியாகவே இருந்திருக்கக் கூடாதா என்கிறார் பேரன். தாத்தாவுக்கோ தன் எலிதான் வேண்டும்.