கிலெல்ஸ் ஏன் இருபதோடு நிறுத்தினார்?

அடுத்த கேள்விக்கு வருகிறேன். இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் எழுதிய 'லிரிக் பீசஸ்' என்ற சிறு படைப்புகளை எமில் கிலெல்ஸ் பியானோவில் வாசித்த இசைத்தட்டை வாங்கிய நேயர் ஒருவர் கேட்கிறார்: "லிரிக் பீசஸ் மொத்தம் 66. இவர் 20 மட்டுமே வாசித்திருக்கிறார். எல்லோரும் அறிந்த 'ட்ரோல்ஹாகனில் திருமண நாள்'கூட இதில் இல்லை. இது அரைகுறையான பதிவுதானே?"

அப்படி நினைக்காதீர்கள். நான் திரும்பத் திரும்பக் கேட்கும் பதிவு இது.

நார்வேயின் பெர்கன் நகரில் பிறந்த கிரீக் இந்தச் சிறு படைப்புகளை 1867 முதல் 1901 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டார். முதல் தொகுதியின் முதல் படைப்பு 'அரியெட்டா'. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மேலே மெட்டு, கீழே ஆழ்ந்த சுரங்கள், நடுவில் இரு கைகளும் மாறி மாறி நெய்யும் மெல்லிய ஓட்டம். 34 ஆண்டுகள் கழித்து, பத்தாம் தொகுதியின் கடைசிப் படைப்பில் அதே மெட்டைக் கிரீக் மறுபடியும் எடுக்கிறார். முன்பு இரண்டு அடியில் நடந்த மெட்டு இப்போது மூன்று அடியில், வால்ட்ஸ் நடனமாகச் சுழல்கிறது. அதற்கு அவர் வைத்த நார்வேஜியப் பெயர் 'எஃப்டர்கிளாங்'. மணி அடித்து ஓய்ந்த பின் காற்றில் எஞ்சி நிற்கும் கார்வை என்று சொல்லலாம்.

கிலெல்ஸ் 'அரியெட்டா'வில் தொடங்கி 'எஃப்டர்கிளாங்'கில் முடிக்கிறார். இடையில் உள்ள பதினெட்டும் எழுதப்பட்ட வரிசையிலேயே வருகின்றன. ஆகவே இளைஞராகத் தொடங்கிய ஒருவர் முதுமைக்கு நடந்துபோவதை ஒரே அமர்வில் கேட்கிறீர்கள். 'திருமண நாள்' மிகவும் ஆரவாரமானது, கச்சேரி மேடைக்கு ஏற்றது. இந்த அமைதியான வரிசைக்குள் அது வந்திருந்தால் பக்கத்தில் உள்ளவற்றை அமுக்கியிருக்கும். அதை விட்டது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

கிலெல்ஸ் ஒடெசாவில் பிறந்தவர். சைகோவ்ஸ்கி, பீத்தோவன் ஆகியோரின் கான்சர்ட்டோக்களை, அதாவது இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் பெரிய படைப்புகளை, இரும்புக் கரத்தோடு வாசித்துப் பெயர் பெற்றவர். அப்படிப்பட்டவர் 1974இல் பெர்லினில் ஒரு தேவாலயத்தில் அமர்ந்து, வீட்டில் பழகுபவர்களும் வாசிக்கும் இந்தச் சிறு படைப்புகளை டாய்ச்ச கிராமபோன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். ஒரு சுரத்தைக்கூட அலட்சியமாகத் தொடவில்லை. 'வீட்டு ஏக்கம்' என்ற படைப்பைக் கேளுங்கள். நடுவில் துள்ளலான நடனம் வருகிறது, பிறகு பழைய துயரம் திரும்புகிறது. திரும்பும் அந்த இடத்தை அவர் எவ்வளவு தாழ்ந்த குரலில் வாசிக்கிறார்!

இசைத்தட்டை ஒருமுறை முழுவதுமாக, வரிசையை மாற்றாமல் கேளுங்கள். முழுத் தொகுப்பைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

'திருமண நாள்' கட்டாயம் வேண்டும் என்றால், கிரீக்கே வாசித்த பதிவு இருக்கிறது. 1903இல் பாரிஸில் அவர் ஒன்பது பதிவுகள் செய்தார். இரைச்சல் அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் 'எஃப்டர்கிளாங்'கும் உண்டு. கிலெல்ஸைக் கேட்டு முடித்த கையோடு அதைப் போடுங்கள்.