கால்குலேட்டர் மேல் இருக்கும் சோலார் பேனல் நிஜமா, டம்மியா?

அடுத்த கேள்வி சவுகார்பேட்டையிலிருந்து. மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் தம்பி கேட்கிறார்: "அண்ணா, எங்கள் கடை கால்குலேட்டரில் சோலார் பேனலைக் கட்டைவிரலால் முழுசாக மூடினாலும் எண் அணைய மாட்டேன் என்கிறது. அப்படியென்றால் பேனல் டம்மிதானே? அதைக் காட்டிக் காசு கூடக் கேட்கிறார்களே, தேவையா?"

டம்மியாக இருக்கலாம் தம்பி, ஆனால் கட்டைவிரலை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. கடையில் கிடைப்பதில் நிறைய 'டூ வே பவர்' வகை, அதாவது மேலே பேனலும் உண்டு, உள்ளே ஒரு பட்டன் பேட்டரியும் உண்டு, நீங்கள் மூடினால் பேட்டரி கைகொடுத்துவிடும். பேட்டரியே இல்லாத, சோலாரில் மட்டும் ஓடுகிற மாடலில்தான் மூடியதும் எண் மெல்ல மங்கிப்போகும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி பட்டன் பேட்டரியை எடுத்துவிட்டு, உள்ளே கெபாசிட்டரில் தங்கியிருக்கும் கொஞ்சநஞ்ச சார்ஜும் தீரட்டும் என்று ஒரு நிமிஷம் விட்டு, ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து ஆன் அழுத்துங்கள். எண் வந்தால் பேனல் நிஜம். வராவிட்டால் ஜன்னலோர வெளிச்சத்தில் இன்னொரு தடவை பாருங்கள், அங்கேயும் வராவிட்டால் டம்மி, இல்லையென்றால் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. மெமரியில் ஏதாவது போட்டு வைத்திருந்தால் முதலில் குறித்துக்கொள்ளுங்கள், அழிந்துவிடும்.

திறந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். நிஜப் பேனல் பழுப்பும் ஊதாவும் கலந்த மாதிரி ஒரு கண்ணாடித் துண்டு, பெரும்பாலும் அதில் நான்கு பட்டைகள், ஒவ்வொரு பட்டையும் ஒரு செல், நான்கும் வரிசையாகச் சேர்ந்துதான் தேவையான வோல்டேஜ் வருகிறது, பின்னாலிருந்து இரண்டு ஒயர் போர்டுக்குப் போகும். பல மாடல்களில் போர்டின் மேல் ஒரு குட்டி எல்ஈடியும் இருக்கும். வெளியே தெரியாத இடத்தில் எதற்கு விளக்கு என்று தோன்றும், அது வெளிச்சத்துக்காகவே இல்லை, நல்ல வெயிலில் வோல்டேஜ் எகிறும்போது சிப்புக்கு அடிபடாமல் அதிகப்படியை வாங்கிக்கொள்வதற்காக வைத்தது. டம்மியில் இதெல்லாம் கிடையாது, கறுப்பு பிளாஸ்டிக்குக்குக் கீழே கோடு போட்ட ஒரு துண்டு, அவ்வளவுதான், ஒயரே இருக்காது.

ட்யூப்லைட்டில் எப்படி வேலை செய்கிறது என்று அடிக்கடி கேட்கிறார்கள். மொட்டைமாடியில் போடுகிற பேனல் பெரும்பாலும் படிக சிலிக்கான், அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட சிலிக்கான், அதற்கு வெயில்தான் சரி. கால்குலேட்டரில் இருப்பது அமார்ஃபஸ் சிலிக்கான், அதாவது அந்த ஒழுங்கான அடுக்கு இல்லாத சிலிக்கான், அறை வெளிச்சத்துக்கு ரொம்பப் பொருத்தமானது. 1980இல் ஜப்பானின் சான்யோ இதைக் கால்குலேட்டரில் கொண்டுவந்தது. எல்சிடி திரை வந்து மின்சாரத் தேவை ஏற்கெனவே அடிமட்டத்துக்குக் குறைந்திருந்ததால்தான் இது நடந்தது, அதற்கு முந்தைய சிவப்பு எல்ஈடி எண் கால்குலேட்டரை இவ்வளவு சின்னப் பேனலால் ஓட்டியிருக்கவே முடியாது.

சரி, தேவையா? சாதாரணக் கூட்டல் கழித்தல் கால்குலேட்டர் 10 மைக்ரோ ஆம்பியர் இழுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எல்ஆர்44 என்கிற பட்டன் பேட்டரியில் சுமார் 100 மில்லி ஆம்பியர் மணி இருக்கும், ஒரு மில்லி என்பது ஆயிரம் மைக்ரோ. வகுத்துப் பாருங்கள், 10,000 மணி நேரம். தினம் நாலு மணி நேரம் தட்டினாலும் ஆறு வருஷத்துக்கு மேல். டம்மிப் பேனல்காரர்கள் மாட்டிக்கொள்ளாமல் பிழைப்பதே இதனால்தான், பேனல் இல்லாத குறையை யாருமே உணர்வதில்லை! நிஜப் பேனல் இருந்தால் நல்லது, அதற்காகத் தனியாகக் காசு கூடக் கொடுக்காதீர்கள். ஆனால் பேனலே டம்மி என்றால் அந்தக் கம்பெனி எண்களை அழுத்தும் பட்டன்களுக்கு அடியில் இருக்கும் ரப்பரிலும் மட்டமான சரக்கைப் போட்டிருக்கும் என்றுதான் நான் நினைப்பேன், பில் போடுகிறவருக்கு அதுதான் தலைவலி.

இன்ஜினியரிங் பசங்கள் வைத்திருக்கும் கேசியோவின் சயின்டிஃபிக் கால்குலேட்டர் எஃப்எக்ஸ்-991எம்எஸ், போலி இல்லாத ஒரிஜினல் என்றால் அதில் பேனல் நிஜமானது. பரீட்சை நடுவில் பேட்டரி உயிரை விட்டாலும் ஹாலில் நல்ல வெளிச்சம் இருந்தால் சமாளிக்கலாம், அங்கே மட்டும் இதற்கு உண்மையான மதிப்பு உண்டு.

ஒன்று, வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் பேட்டரி சார்ஜ் ஆகும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது, அது சார்ஜ் ஆகிற பேட்டரியே இல்லை. மே மாத வெயிலில் பைக் டேங்க் மேல் வைத்தால் திரைதான் கறுத்துப்போகும். இன்னொன்று, பேனல் நன்றாக ஓடுகிறதே என்று பேட்டரியை மறந்துவிடாதீர்கள், பழைய பட்டன் பேட்டரி கசிந்து அதைத் தொட்டிருக்கும் உலோகத் தகட்டையே தின்றுவிடும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். உங்கள் கடைக் கால்குலேட்டரை எப்படியும் திறக்கப்போகிறீர்கள், தகட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.